திக்கும் சிடிக்குக் கைவைத்தியம்: பேஸ்ட்டைப் பிதுக்குவதற்கு முன்னால்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிற வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் எங்கள் வீடு ஒன்று. அதனால் யார் வீட்டு பீரோ அடியில் பழைய சிடி அகப்பட்டாலும் கடைசியில் அது என்னிடம்தான் வந்து சேரும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, சாவு வீட்டில் விடிய விடியப் பாடின கானா, எல்லாம் வந்திருக்கிறது. போன மாதம் வந்தவர் பக்கத்துத் தெருக்காரர், எங்களுக்கெல்லாம் கேரம் அண்ணன். அவர் இளவட்டத்தில் ஜெயித்த கிளப் ஃபைனலை அன்றைக்குக் கேபிள்காரர் ஒருவர் கேமராவில் எடுத்து விசிடியாக, அதாவது படம் பதிந்த சிடியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 41ஆவது நிமிடம் வரை நன்றாக ஓடும், அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் திக்கித் திக்கி, அப்படியே நின்றுவிடும். நிற்கிற இடம் எது தெரியுமா, அண்ணன் ரெட்டுக்கு ஸ்ட்ரைக்கரை வைக்கிற இடம்.

"இன்னா தம்பி, அந்த ரெட்டு மட்டும் பாத்துட்டா போதும்பா, மீதி போனா போவுது" என்றார்.

அந்தத் தட்டை வைத்தே சொல்கிறேன். இதற்கு முன் சிடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வீட்டில் இருக்கிற பொருளை வைத்துச் செய்யக்கூடியதுதான் எல்லாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: சிடியை நிரந்தரமாகச் சரிபண்ணுவது நம் வேலை இல்லை. ஒரே ஒரு தடவை முழுசாக ஓட வைத்து, அதற்குள் காப்பி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவு குறைவாக அதைத் தொட்டுக் கெடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சிடியா, பிளேயரா?

திக்கினதும் எல்லாரும் சிடியைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் தப்பு பிளேயர் மேல். நன்றாக ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறு ஒரு சிடியைப் போட்டுப் பாருங்கள், கூடவே திக்குகிற சிடியை வேறு வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் இதைச் செய்யாமலே பேஸ்ட் தடவி நல்ல சிடியை மங்கடித்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த சிடியைப் போட்டாலும் ஏறக்குறைய அதே நிமிடத்தில் நின்றால், குற்றம் சிடியில் இல்லை. லேசர் லென்ஸ் ஒரு சின்னக் கம்பி மேல் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நகர்ந்து போகும், அந்தக் கம்பியில் கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருக்கும், அல்லது பல்சக்கரத்தில் அழுக்கு அடைத்திருக்கும், அந்த இடம் வந்ததும் லென்ஸ் நகர முடியாமல் முக்கும். கடையில் வாங்கின சிடி ஓடி, வீட்டில் ரைட் பண்ணினது மட்டும் ஓடவில்லை என்றால் மெக்கானிக்குகள் சொல்கிற 'லென்ஸ் வீக்' கேஸாக இருக்கலாம். ரைட் பண்ணின சிடிக்களில் ஒளி திரும்பி வருவது கொஞ்சம் குறைச்சல், அழித்து அழித்து எழுதும் ரகத்தில் இன்னும் குறைச்சல், அதனால் லென்ஸ் தளர்ந்தால் முதலில் அடிவாங்குவது அவைதான். எதைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்றே வந்தால் பெரும்பாலும் லென்ஸில் தூசு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இன்னொன்று, டிவிடி படத்தின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் அரை நொடி நின்று தானாக ஓடினால் அது நோயே இல்லை. 8.5 ஜிபி டிவிடியில் இரண்டு அடுக்கு இருக்கிறது, முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதுக்கு லேசர் மாறுகிற நேரம் அது. அதை விட்டுவிடுங்கள். பிளேயரை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்திருந்தால் முதலில் கீழே இறக்குங்கள், குத்துப்பாட்டு அதிர்விலேயே தாவுகிற பிளேயர்கள் உண்டு.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

அடுத்து சிடியை விளிம்பில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கமோ டியூப்லைட் அடியிலோ சாய்த்துப் பாருங்கள். எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்தால்தான் பார்த்ததில் பிரயோசனம்.

சிடி என்பது 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தகவல் பளபளக்கிற அடிப்பக்கத்தில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது மேல்பக்கம், படம் அச்சடித்த லேபிளுக்கு உடனடியாகக் கீழே, வெள்ளி நிறமான மெல்லிய படலத்தில் இருக்கிறது. லேசர் அடியிலிருந்து பிளாஸ்டிக் முழுவதையும் கடந்து போய் அதைப் படிக்கும். அடிப்பரப்பில் நுழையும்போது அந்த ஒளி ஏறக்குறைய 0.8 மி.மீ. அகலம், உள்ளே படலத்தைத் தொடும்போது 2 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே குவிந்துவிடும். அதனால் அடிப்பக்கம் இருக்கிற மயிரிழைக் கீறல்கள் லேசருக்குக் கண்ணாடி ஜன்னலில் இருக்கிற அழுக்கு மாதிரி, தாண்டிப் பார்த்துவிடும். ஆழமான கீறல்தான் பிரச்சினை, அதையும் பல சமயம் சரிசெய்யலாம்.

லேபிள் பக்கம் கதை வேறு. அங்கே படலத்துக்கும் உங்கள் நகத்துக்கும் நடுவே இருப்பது வெறும் வார்னிஷ் பூச்சுதான். சிடியை பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் தெரிகிறதா? அந்த இடத்தில் படலமே இல்லை. அதற்கு எந்த வீட்டிலும் மருந்து கிடையாது. டிவிடி பரவாயில்லை, 0.6 மி.மீ. தட்டு இரண்டை ஒட்டி நடுவில் படலத்தை வைத்திருக்கிறார்கள், லேபிள் கீறினால் சாகாது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. தங்கையின் மஞ்சள் நீராட்டு சிடியில் ஸ்டுடியோக்காரர்கள் வட்டமாக ஒரு பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஓரம் மடங்கிக்கொண்டு பிளேயரில் உரசுகிறதே என்று நகத்தால் மெதுவாக உரித்தேன். சரசரவென்று சுலபமாக வந்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது, திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரின் பசைப்பக்கம் முழுக்க வெள்ளி. கையில் மிச்சமிருந்தது கண்ணாடி மாதிரி ஒரு வட்டம், அதன் வழியாக எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணி தெரிந்தது. ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். மடங்கின ஓரத்தை மட்டும் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், போதும்.

நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் கம்ப்யூட்டரில் போடவே கூடாது. பிளேயர் சிடியை நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று வரைதான் சுற்றும், 52 எக்ஸ் வேகம் என்று போட்டிருக்கும் கம்ப்யூட்டர் டிரைவ் 10,000 சுற்றைத் தாண்டும், விரிசல் விட்ட சிடி உள்ளேயே வெடித்துச் சில்லு சில்லாகப் போன கேஸ் உண்டு.

எந்த இடத்தில் கீறல் என்று கணக்குப் போடலாம்

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பழைய இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடி நேர்மாறு, நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடும். மையத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளி ஆரம்பித்து, விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் 5.8 செ.மீ. தூரத்தில் முடியும். ஆகவே படம் எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால், கோளாறு தட்டில் எங்கே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்தே சொல்லலாம். வெளிவட்டம் பெரிதாக இருப்பதால் அங்கே நிறைய நிமிடங்கள் அடங்கும், அதனால் நேரத்தில் பாதி என்பது தூரத்தில் பாதி ஆகாது. 74 நிமிட சிடியில் 10ஆவது நிமிடம் மையத்திலிருந்து சுமார் 3.2 செ.மீ., பாதி நேரமான 37ஆவது நிமிடம் சுமார் 4.5 செ.மீ., 60ஆவது நிமிடம் சுமார் 5.3 செ.மீ.

கேரம் அண்ணனின் 41ஆவது நிமிடத்துக்கு 4.6 செ.மீ. வரும், அதாவது வெளிவிளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. உள்ளே. ஸ்கேலை வைத்துப் பார்த்தால், சொல்லி வைத்த மாதிரி அங்கே இரண்டு கீறல், இரண்டுமே வட்டத்தோடு வட்டமாக வளைந்து ஓடியிருந்தன. எப்படி வந்தது என்று கேட்டேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் வெளியே எடுத்து வேட்டி நுனியால் நன்றாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தாராம்.

அதுதான் வினை. சிடியில் தகவல் ஒரே நீளச் சுருளாக, 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் போகிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஒரு கீறல் விழுந்தால், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் போகும், போனதை பிளேயரே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த நிரப்புகிற சக்தி தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மி.மீ. வரை தாங்கும். வட்டமாக விழுந்த கீறல் தடத்தோடு கூடவே ஓடும், ஒரே மூச்சில் சென்டிமீட்டர் கணக்கில் விழுங்கிவிடும், நிரப்ப முடியாது. ஆகவே துடைப்பது எப்போதுமே நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோட்டில், வேட்டி நுனியால் இல்லை.

விசிடிக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஃபைல் வைக்கிற சிடியில் பிழை திருத்தத்துக்கு மேலும் ஒரு அடுக்கு உண்டு. விசிடியில் 74 நிமிடப் படத்தை அடைக்க வேண்டும் என்பதற்காக அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கல்யாண டிவிடியை விட அந்தக் காலத்து விசிடி சின்னக் கீறலுக்கே கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

வைத்தியத்துக்கு முன்னால் காப்பி

கையில் ஈரம் படுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் போட்டு வருகிறவரை எடுத்துவிடுங்கள். இப்போது வருகிற லேப்டாப்பில் டிரைவே இல்லை, யுஎஸ்பியில் சொருகுகிற வெளி டிரைவ் ஒன்று ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். டிவி பிளேயர் திக்குகிற சிடியைச் சில கம்ப்யூட்டர் டிரைவ் சர்வசாதாரணமாகப் படிக்கும். ஒரு டிரைவில் முடியாதது இன்னொன்றில் முடியும், எனக்கு மூன்றாவது டிரைவில் காரியம் ஆன சிடி இருக்கிறது.

விசிடி என்றால் உள்ளே 'எம்பெக் ஏவி' (MPEGAV) என்ற ஃபோல்டர் இருக்கும், அதில் .DAT என்று முடிகிற பெரிய ஃபைல்தான் படம். விண்டோஸில் அதை அப்படியே காப்பி செய்து வி.எல்.சி பிளேயரில் ஓட்டலாம். முழு சிடியையும் ஒரே ஃபைலாக்குகிற ஐஎஸ்ஓ எடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், விசிடிக்கு அது சரிவராது. பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் கெட்ட இடத்தைத் தாண்டி மிச்சத்தைப் பிடுங்கித் தரும். டிவிடியோ ஃபைல் சிடியோ என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது, அது எது எது படித்தாயிற்று என்று கணக்கு எழுதி வைத்துக்கொள்ளும். சிடியைக் கழுவிவிட்டு மறுபடி போட்டால் விட்ட இடத்தை மட்டும் முயற்சி செய்யும், இந்த மாதிரி வேலைக்கு அதைவிடப் பொறுமைசாலி கிடையாது. பாட்டு சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள்.

அண்ணன் சிடி பாதிக்கு மேல் போய் நின்றது. சரி, இப்போது வைத்தியம்.

குளிப்பாட்டுவது

பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கட்டி வேண்டாம், அதில் மணல் மாதிரி தூள் இருக்கும். முதலில் ஓடுகிற தண்ணீரில் காட்டித் தூசியைப் போக விடுங்கள், அதற்கு முன்னால் துணியால் தொட்டால் அந்தத் தூசியே உப்புத்தாள் வேலை செய்யும். நம் பக்கத்துத் தூசு சாதாரணத் தூசும் இல்லை. 2011இல் நீதிமன்றம் சொல்லி நிறுத்துகிற வரைக்கும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டும் இரும்புத்தாது ஏறிக்கொண்டும் இருந்தன, ராயபுரம் பக்கம் ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் கறுப்பாக வரும். அந்தக் காலத்து சிடிக் கவர்களை உதறினால் இன்றைக்கும் அது கொட்டும். எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பல்.

விரல் நுனியால், சோப்புத் தண்ணீரோடு, நடுவிலிருந்து விளிம்புக்கு மெதுவாக இழுங்கள். அலசுங்கள். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில், ஏனென்றால் நம் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நிற்கும், பிறகு அதைத் துடைக்க ஒரு வேலை. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியோ பழைய பனியன் துணியோ எடுத்து, ஒற்றி எடுங்கள், நேர்கோட்டில் துடையுங்கள். லேபிளில் பேப்பர் ஸ்டிக்கர் இருந்தால் முக்காமல், அடிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். டிஷ்யூ பேப்பர் வேண்டாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் இதெல்லாம் பிளாஸ்டிக்கையே வெளிறடித்துவிடும், பக்கத்தில் கொண்டுவராதீர்கள். வெயிலில் காயவைக்கவும் கூடாது, வளைந்துவிடும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், என்னிடம் வருகிறதில் பாதிக்கு மேல் இந்தக் குளியலோடு எழுந்து ஓடிவிடும். விரல் ரேகை, சாம்பார்ச் சொட்டு, கற்பூரப் புகை, கடல்காற்றின் பிசுபிசுப்பு, இவ்வளவுதான் நோய்.

தேங்காய் எண்ணெய், வாழைப்பழத் தோல், மற்றவை

எங்கள் வீட்டு எதிரில் இருக்கிற அக்கா ஒருவர் தலைவலி முதல் சைக்கிள் செயின் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்பார். சிடி விஷயத்தில் அவர் பாதி சரி. கீறலுக்குள் எண்ணெய் போய் நிரம்பினால் ஒளி அங்கே சிதறுவது குறையும், லேசர் தாண்டிப் பார்த்துவிடும். வாசலின் செய்வதும் அதேதான், வாழைப்பழத் தோலில் இருக்கிற மெழுகு செய்வதும் அதேதான், அதைவிட வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு எண்ணெய் எடுக்கலாம்.

ஆனால் நான் இதை மருந்தாக எடுப்பதில்லை, சோதனையாக எடுக்கிறேன். கீறல் மேல் ஒரே ஒரு சொட்டு, நன்றாகத் துடைத்து, பரப்பில் எண்ணெயே இல்லாத மாதிரி ஆக்கிவிட்டு, டிவி பிளேயரில் போடுங்கள். திக்கல் குறைந்தால் குற்றம் பிளாஸ்டிக் கீறலில் இருக்கிறது, தேய்த்தால் சரியாகும் என்று அர்த்தம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெரும்பாலும் படலமே போயிருக்கும், பேஸ்ட்டை வீணாக்க வேண்டாம். கம்ப்யூட்டர் டிரைவில் மட்டும் எண்ணெய் சிடியைப் போடாதீர்கள், அந்த வேகத்துக்கு லென்ஸ் மேல் தெறித்துவிடும். சோதனை முடிந்ததும் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஃபிரீசரில் வைத்து எடுப்பது என்று ஒன்று சொல்வார்கள். அதனால் ஒன்றும் ஆகாது, வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றுக்கு முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும், அவ்வளவுதான்.

பேஸ்ட்

இது மட்டும் நிஜமாகவே வேலை செய்கிற வைத்தியம், ஆனால் திரும்பி வரமுடியாத வைத்தியம். பற்பசையில் பல்லைத் தேய்க்க மிக நுண்ணிய தூள் இருக்கிறது, அது கீறலின் கூர்விளிம்புகளைத் தேய்த்து மழுக்கும். சாதாரண வெள்ளை பேஸ்ட்டாக இருக்க வேண்டும். ஜெல் வேண்டாம். பற்பொடி, கரி போட்ட பேஸ்ட், உப்புப் போட்டது எதுவும் வேண்டவே வேண்டாம், அவை புதுசாகக் கீறும்.

மேசை மேல் சுத்தமான துண்டை மடித்துப் போட்டு, லேபிள் பக்கம் கீழே இருக்கும்படி சிடியை வையுங்கள், துண்டில் ஒரு மணல் துகள்கூட இருக்கக் கூடாது. நடுவில் தொங்கவிட்டு அழுத்தினால் சிடி வளையும். பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, பட்டாணி அளவு பேஸ்ட் எடுத்து, கீறல் இருக்கிற பகுதியில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். குழந்தை முதுகைத் தேய்க்கிற அழுத்தம் போதும். இரண்டு மூன்று நிமிடம், கழுவுங்கள், வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடம் கொஞ்சம் புகைமூட்டமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், நுண்ணிய கீறல்களை லேசர் பொருட்படுத்தாது என்றுதான் மேலே சொன்னேனே. பழைய கீறல் நகத்தில் தட்டுகிறதா பாருங்கள், தட்டினால் இன்னொரு சுற்று. பிளாஸ்டிக் 1.2 மி.மீ. இருப்பதால் சிடி தாங்கும், டிவிடியில் அடித்தட்டு 0.6தான், ஆனாலும் கைத்தேய்ப்பில் அவ்வளவு ஆழம் போகமாட்டீர்கள். ப்ளூரேவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அதில் மேல்பூச்சு 0.1 மி.மீ.தான்.

அண்ணன் சிடிக்கு நான்கு சுற்று ஆனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ட்ரைக்கரைப் பவுடர் போட்டுத் தேய்த்த கை என்பதாலோ என்னவோ, "தம்பி, அழுத்தாத, வழுக்கிவுடு, வழுக்கிவுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றில் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

லென்ஸ்

குற்றம் பிளேயரில் என்று தெரிந்தவர்களுக்கு இது. பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மேல் மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினால் பக்கத்தில் மின்சார போர்டு தெரியும், அதில் பவர் வயர் வந்து சேருகிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் வைத்திருக்கும். அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. மூடி திறந்த நிலையில் கரண்ட் கொடுத்து லென்ஸை உற்றுப் பார்க்கவும் கூடாது, சிடி லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்பு, தெரியவில்லையே என்று குனிவதுதான் ஆபத்து.

நடுவில் மிளகு அளவில் நீலம் பாய்ந்த கண்ணாடிக் குமிழ் மாதிரி இருப்பதுதான் லென்ஸ். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டு, ஒரு சுற்று ஒற்றுங்கள், காய்ந்த குச்சியால் இன்னொரு ஒற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் கீழே அமுங்கி மேலே வரும், அது சரிதான், அழுத்தாதீர்கள். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சமிருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதில் இருக்கிற கிளிசரின் லென்ஸ் மேல் படலமாக நின்றுவிடும். லென்ஸ் நகர்கிற கம்பியில் பழைய கிரீஸ் மஞ்சளாகக் காய்ந்திருந்தால் அதையும் குச்சியால் வழித்துவிட்டு, புது வெள்ளை கிரீஸ் ஒரு தீற்று. தேங்காய் எண்ணெய் இங்கே கூடவே கூடாது, எதிர்வீட்டு அக்கா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நாளடைவில் பிசினாகிவிடும்.

கடையில் விற்கிற குட்டி பிரஷ் வைத்த கிளீனிங் சிடி தூசிக்கு மட்டும் ஆகும், பிசுக்குக்கு ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரம் இருப்பவர்கள் பிளேயர் காலையில் ஓடாமல் மத்தியானம் ஓடுகிறது என்பார்கள். லென்ஸ் பனித்துப்போவதுதான் காரணம். சிடி போடாமல் அரைமணி நேரம் ஆன் செய்து வைத்திருந்தால் உள்சூட்டில் காய்ந்துவிடும். இவ்வளவும் செய்து பார்த்தும் படிக்கவில்லையென்றால் லேசரே தேய்ந்துபோயிருக்கிறது, பழைய பிளேயர் ஒன்றை பர்மா பஜாரிலோ தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ தேடுவது சுலபம்.

மறுபடி காப்பி

சிடி ஓடினதும் உட்கார்ந்து ரசிக்காதீர்கள், முதல் ஓட்டமே காப்பி ஓட்டமாக இருக்கட்டும். டிரைவ் வேகத்தைக் குறைக்க மென்பொருளில் வழியிருந்தால் குறையுங்கள். எடுத்ததை பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். மறுபடி சிடியிலேதான் வேண்டும் என்பவர்கள் மெதுவான வேகத்தில் ரைட் பண்ணுங்கள், பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாமல், சிடிக்கென்றே விற்கிற மார்க்கரால் பேரை எழுதி, நிமிர்த்தி வைக்கிற டப்பாவில் போடுங்கள். இரண்டு சிடியை ஒரே பிளாஸ்டிக் கவரில் திணித்துவைப்பதால்தான் பாதிக் கீறல்.

அண்ணனின் ஃபைனல் அன்றைக்குச் சாயங்காலம் முழுசாகக் காப்பி ஆனது. கம்ப்யூட்டர் கொஞ்சம் முக்கியது, 41ஆவது நிமிடத்தில் டிரைவ் இரண்டு தடவை உறுமியது, அப்புறம் போய்விட்டது. டிவியில் போட்டோம். அண்ணன் திரையில் குனிந்து ஸ்ட்ரைக்கரை வைக்கிறார், விரலை மடக்குகிறார், சரியாக அந்த நேரத்தில் படம் பச்சையும் ஊதாவுமாக ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்தது. படம் திரும்பக் கூடி வந்தபோது போர்டில் ரெட் இல்லை, யாரோ விசில் அடிக்கிறார்கள், அண்ணன் ஃபாலோ போட ஸ்ட்ரைக்கரை நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

"கட்டத்துக்குள்ளயே போட்டுட்டேம்பா" என்றார். பின்னால் ஓட்டி இன்னொரு தடவை போடச் சொன்னார்.